முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: பணம் கட்டும் முன் போக வேண்டிய கவுண்டர்

அட்டை கையில் இருக்கும். தகுதியும் இருக்கும். ஆனாலும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது நகை அடகுக் கடையில் இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: முதலில் பணம் கட்டிவிட்டு, அப்புறம் காப்பீட்டைப் பற்றிக் கேட்பது.

இது பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல. தனியார் இன்சூரன்ஸில் பில்லை அனுப்பிப் பணம் வாங்குவதுபோல் இதில் வாங்க முடியாது. மருத்துவமனை சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும். அனுமதி வந்தால் அந்தத் தொகை நேராக மருத்துவமனைக்குப் போகும். நோயாளியின் கை வழியாகப் பணம் வராது. அதனால் அட்மிஷன் போடும்போதே, முன்பணம் கட்டும் முன்பே, "முதலமைச்சர் காப்பீட்டுக் கவுண்டர் எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். நோயாளியுடன் யார் போனாலும் இந்த ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்புங்கள்.

யாருக்குக் கிடைக்கும்

2009 ஜூலையில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இந்தத் தொகை ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அப்பாவின் இதய சிகிச்சைக்கு ஒரு பகுதி போனால், அதே ஆண்டில் அம்மாவுக்கு மீதிதான். அரசு மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் கீழ் எடுக்கும் சிகிச்சையும் இதே கணக்கில்தான் கழியும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன்பு இந்த வரம்பு 72,000. அப்போது "உங்களுக்கு வராது" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் இன்றும் அதையே நம்பிக்கொண்டிருக்கின்றன. மறுபடி விண்ணப்பித்துப் பாருங்கள். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனித் திட்டங்கள் இருப்பதால் அவர்கள் இதில் வரமாட்டார்கள். மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்பவர்களும், தொழிலாளர் துறையின் சான்றோடு சேர முடியும்.

குடும்பம் என்றால் விண்ணப்பிப்பவர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். இவர்கள் எல்லோரின் பெயரும் ரேஷன் அட்டையில் இருக்க வேண்டும். சிக்கல் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலேயே இருக்கும். மகன் தனி அட்டை வாங்கியபோது அம்மாவின் பெயர் எந்த அட்டையிலும் இல்லாமல் போயிருக்கும். ஆதாரில் "முருகேசன்", ரேஷன் அட்டையில் "முருகேஷ்" என்று இருக்கும். நோய் வந்த பிறகு இவற்றைத் திருத்த ஓடினால் நாட்கள் போய்விடும். வீட்டில் வயதானவர்களோ சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களோ இருந்தால் இரண்டு அட்டைகளையும் இன்றே பக்கத்தில் வைத்துப் பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்டை வாங்குவது

முதலில் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் படிப்படியாகப் போய்த் தாசில்தார் அலுவலகத்தில் முடியும். கூலி வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது குடும்பத்தில் யார் யார் சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு என்பதை உள்ளபடி சொன்னால் போதும்.

சான்று வந்ததும் அதையும் ரேஷன் அட்டையையும் எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். மூலச் சான்றுகளும் வேண்டும், நகல்களும் வேண்டும். ஏற்கெனவே ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்றால் அட்மிஷன் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டி நிலைமையைச் சொல்லுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ரேஷன் அட்டை எண்ணை வைத்து உங்கள் காப்பீட்டு எண்ணைத் தேடி எடுக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993-இல் அழைத்தும் கேட்கலாம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது

"எங்க ஆஸ்பத்திரி காப்பீட்டில் இருக்கு" என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மருத்துவமனை கண் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கும். எலும்பு ஆபரேஷனுக்குப் பெற்றிருக்காது. கேட்க வேண்டிய கேள்வி: "இந்தச் சிகிச்சைக்கு, இந்தப் பிரிவுக்கு, இந்த மருத்துவமனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" இதே கேள்வியைக் கட்டணமில்லா எண்ணிலும் கேட்டு உறுதி செய்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. தனியாரில் அதற்கு அனுமதி கேட்டால் வராது.

புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்குவது இதில் சேராது. மாதாமாதம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டத்தின் வழியாக அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஸ்கேன் போன்ற சில பரிசோதனைகள் காப்பீட்டுப் பட்டியலில் உண்டு, எல்லாப் பரிசோதனையும் இல்லை. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தனியாரில் ஒன்றன்பின் ஒன்றாக டெஸ்ட் எடுத்து ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட, அந்தக் கட்டத்தை அரசு மருத்துவமனையில் முடித்துக்கொள்வது நல்லது. அங்கே எடுத்த ரிப்போர்ட்டே அனுமதி கேட்கவும் உதவும்.

அப்ரூவல் எப்படி வருகிறது

காப்பீட்டுப் பிரிவில் உள்ளவர் அட்டையைச் சரிபார்த்து, டாக்டரின் குறிப்பையும் ரிப்போர்ட்டுகளையும் நோயாளியின் படத்தையும் இணையவழியில் அனுப்புவார். அந்தப் பக்கம் மருத்துவர்கள் பார்த்து, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குரிய தொகையை அனுமதிப்பார்கள். மருத்துவமனையில் "பேக்கேஜ்" என்று சொல்வது இந்தத் தொகையைத்தான். படுக்கை, மருந்து, ஆபரேஷன், டாக்டர் கட்டணம், நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும்.

"அப்ரூவல் வரலை" என்று மட்டும் சொன்னால் அதை அப்படியே கேட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். மருத்துவமனை இன்னும் அனுப்பவே இல்லை. அனுப்பியது பார்வையில் இருக்கிறது. அல்லது ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று "க்வெரி" வந்திருக்கிறது. மூன்றாவது நடந்திருந்தால் என்ன குறைகிறது என்று எழுதி வாங்குங்கள். ஆஞ்சியோகிராம் சி.டி., பயாப்ஸி ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற ஒன்று வீட்டில் அலமாரியிலேயே இருக்கும். கொண்டுவந்து கொடுத்தால் அன்றே கோப்பு நகர்ந்துவிடும். நோயாளிக்குத் துணையாக இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்திருங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அவசர அனுமதி பெற வழி இருக்கிறது. ஆனால் அட்டை இருக்கிறது என்பதை நீங்கள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கீமோதெரபி, கதிர்வீச்சு, டயாலிசிஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை வாங்கிய அனுமதி கடைசி வரை செல்லாது. அடுத்த சுற்றுக்கு மீண்டும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடுத்த தேதிக்கான அனுமதியை எப்போது அனுப்புவார்கள், அதற்கு எந்த ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற அதிகச் செலவுள்ள சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதி உண்டு. 5 லட்சத்துக்கு மேல் ஆகும் என்று கேட்டதுமே மனம் உடைந்து திரும்பிவிட வேண்டாம்.

கூடுதல் பணம் கேட்டால்

"பேக்கேஜ் பத்தாது, மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்று சில இடங்களில் கேட்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு அப்படி வாங்கக் கூடாது. நீங்களாகத் தனி அறை கேட்டால் நிலைமை வேறு. காப்பீட்டில் கிடைப்பது பொது வார்டு. மற்றபடி கேட்கும் தொகை எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத ஒப்புதல் படிவத்திலோ கையெழுத்துப் போட வேண்டாம்.

புகாருக்கு 1800 425 3993. பேசும்போது காப்பீட்டு எண், மருத்துவமனை, அட்மிஷன் தேதி, யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதைச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே புகார் செய்வது நல்லது; டிஸ்சார்ஜ் ஆன பிறகு சரிசெய்வது கடினம். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க்கும் குழுவிடம் ரசீது நகலோடு மனுக் கொடுக்கலாம். "முதல்வரின் முகவரி" என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

சாலை விபத்து என்றால்

அப்போது அட்டையைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டாம். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர், அட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஆனால் இதற்கும் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 108-ஐ அழைத்து, இந்தத் திட்டத்தில் உள்ள பக்கத்து மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். 48 மணி நேரம் முடிவதற்குள் குடும்பத்தார் காப்பீட்டு எண்ணைக் கண்டுபிடித்துக் கவுண்டரில் கொடுத்துவிட்டால், அதன் பிறகான சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாற்றலாம். எண் இல்லையென்றால், மூன்றாம் நாள் தனியாரில் பில் ஏறத் தொடங்கும் முன்பே அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.