வாடை போயிடுச்சா, அதனால என்ன?

சாக்கடைத் தண்ணி ஏறின வீட்ட கிளீன் பண்றதுதான் என் வேலை, இந்த மாசத்துல இது மூணாவது வீடு. மூணு வீட்லயும் ஒரே டயலாக்தான், "சார் நாங்களே எல்லாம் கிளீன் பண்ணிட்டோம், லைட்டா ஒரு வாடை மட்டும் இருக்கு, அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க". வாடைய மட்டும் எடுக்க நான் என்ன சென்ட் கடையா வச்சிருக்கேன்?

மூணாவது வீட்டு கதைய சொல்றேன். கீழ் வீடு, மெயின் லைன்ல அடைப்பு. மாடியில இருக்கவங்க குளிக்க குளிக்க, ஃப்ளஷ் பண்ண பண்ண அத்தனையும் கீழ் வீட்டு பாத்ரூம் டிரெயின் வழியா பொங்கி பெட்ரூம் வரைக்கும் வந்திருக்கு. இவங்களும் விளக்குமாத்தால தள்ளி, பழைய துணியால துடைச்சு, ஒரு பாட்டில் பினாயில முழுசா கவுத்து, ஃபேன் போட்டு காயவிட்டு, அவ்ளோதான் முடிஞ்சதுன்னு விட்டுட்டாங்க. நாலு நாள் கழிச்சு நான் போறப்போ தரை பளபளன்னுதான் இருந்துச்சு. பிளைவுட் அலமாரியோட அடிப்பலகைய ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பினேன், உள்ள கறுப்பா சேறு, இன்னும் ஈரம் காயல. தரையில போட்டிருந்த மெத்தைய மேல் துணி காஞ்சிருச்சுன்னு திருப்பிப் போட்டு வச்சிருந்தாங்க, ஒரு மூலைய கிளவுஸ் கையால அமுக்கினா பழுப்புத் தண்ணி சொட்டுது. நாலு நாளா அதுமேலதான் ஒன்றரை வயசு குழந்தை படுத்திருக்கு. ரெண்டாம் நாள்ல இருந்து குழந்தைக்கு வாந்தி, வயித்துப்போக்கு, ஏதோ சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சிருக்காங்க.

அதனாலதான் சொல்றேன், சாக்கடைத் தண்ணி விஷயத்துல உங்க மூக்க நம்பாதீங்க. கிருமிக்கு வாடை கிடையாது. ஈ கோலை, சால்மோனெல்லா, ஷிகெல்லா, நோரோ வைரஸ், ரோட்டா வைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ, ஜியார்டியா, எலி மூத்திரத்துல இருந்து வர்ற லெப்டோஸ்பைரா, இதுல ஒண்ணையும் நீங்க மோந்து பாத்து கண்டுபிடிக்க முடியாது. "நம்ம வீட்டு கழிவுதானே சார்"ன்னு ஒருத்தர் சொன்னாரு. மெயின் லைன் எதிர்த்து வந்தா அது உங்க வீட்டுது மட்டும் இல்லீங்க, அந்த லைன்ல இருக்க அத்தனை வீட்டுதும்தான், அதுல யாருக்கு என்ன நோய்னு உங்களுக்கு தெரியுமா?

இப்ப பினாயிலுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பினாயில் ஊத்துனா அழுக்கு எங்கயும் போகாது, அதுமேல ஒரு வாசனையப் போர்த்தி விடுறீங்க, அவ்ளோதான். சரி பினாயில் வேணாம் பிளீச் ஊத்துறேன்னா, அதுவும் அழுக்கு மேல ஊத்துனா வேஸ்ட், ஏன்னா கழிவுல இருக்க அழுக்கே பிளீச்சுல இருக்க குளோரினத் தின்னு தீர்த்துடும், கிருமி வரைக்கும் போய்ச் சேர மிச்சம் ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணு, குடல் புழு முட்டை பிளீச்சுக்கெல்லாம் அசையாது, அத தேச்சுக் கழுவி வெளியேத்தினாத்தான் உண்டு. அதனால முதல்ல சேற வாரணும், அப்புறம் சோப்புத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேய்க்கணும், நல்ல தண்ணியில அலசணும், அதுக்கப்புறம்தான் பிளீச். 20 லிட்டர் தண்ணிக்கு 240 மில்லி லிக்விட் பிளீச், அன்னன்னைக்கு புதுசா கலந்தது, ஊத்தி ஒரு பத்து நிமிஷமாவது தரை ஈரமாவே இருக்கணும். ஊத்தின கையோட துடைச்சா ஊத்தாததும் ஒண்ணுதான்.

தயவுசெஞ்சு பிளீச்சோட டாய்லெட் ஆசிட கலக்காதீங்க. ரெண்டும் சேந்தா குளோரின் வாயு, மூடின பாத்ரூமுக்குள்ள நுரையீரலப் பதம் பாத்துடும். அம்மோனியா இருக்க கிளீனரும் வேணாம், அதோட சேந்தா வர்றது குளோரமைன் வாயு, அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. "ரெண்டும் சேந்தா டபுள் பவர் சார்"ன்னு இருமிக்கிட்டே என்கிட்ட சொன்னவங்க இருக்காங்க.

மூக்கு இன்னொரு விதத்துலயும் ஏமாத்தும். அடைப்பு எங்கன்னு பாக்கறேன்னு செப்டிக் டேங்க் மூடியத் திறந்து தலைய விடுறாங்க பாருங்க, அங்க ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகின முட்டை வாடை. அந்த வாயு 100 பிபிஎம் அளவுக்கு, அதாவது காத்துல பத்து லட்சத்துக்கு நூறு பங்குன்னு, போனா கொஞ்ச நிமிஷத்துலயே மூக்கு மரத்துடும், வாடை போயிடுச்சுன்னு தோணும், ஆனா வாயு அங்கயேதான் இருக்கும். இன்னும் ஏறுனா ஆளு அப்படியே சுருண்டு விழுவாரு, காப்பாத்தறேன்னு இறங்குற ரெண்டாவது ஆளும் விழுவாரு. நீங்களும் இறங்காதீங்க, காசு குடுத்து யாரையும் இறக்கவும் இறக்காதீங்க, லாரியும் மெஷினும் இருக்கு. மீத்தேனும் இருக்கும், அதனால தீக்குச்சி கிழிச்சு உள்ள எட்டிப் பாக்குற வேலையும் வேணாம்.

தண்ணி எதிர்த்து வருதுன்னா முதல் வேலையா மாடி வீட்டுக்காரங்க கிட்ட சொல்லி தண்ணி புழக்கத்த நிறுத்தச் சொல்லுங்க, இத யாருமே செய்ய மாட்டேங்கறாங்க, கீழ ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்பாரு, மேல ஒருத்தர் வாஷிங் மெஷின் ஓட்டிக்கிட்டிருப்பாரு. பிளக் பாயிண்ட் உயரத்துக்கு தண்ணி வந்திருந்தா மெயின ஆஃப் பண்ணணும், ஆனா மெயின் ஸ்விட்சுக்குப் போக அந்தத் தண்ணியில நிக்கணும்னா போகாதீங்க, எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. குழந்தைங்க, கர்ப்பமா இருக்கவங்க, வயசானவங்க, கீமோ மாதிரி சிகிச்சையில இருக்கவங்க அந்த வீட்லயே இருக்க வேணாம். கால்ல முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில கனமான ரப்பர் கிளவுஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 மாஸ்க். கால்ல வெட்டுக்காயம் இருக்கா, நீங்க உள்ள வராதீங்க, டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அழுக்க எடுக்குறதுக்கு முன்னாடி ஃபேன், ஏசி எதையும் போடாதீங்க, வீடு முழுக்க வாரி இறைச்சுடும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேணாம். தரைக்குக் கீழ தண்ணித் தொட்டி இருந்தா, உள்ள கசிஞ்சிருக்கான்னு பாக்காம அந்தத் தண்ணியில வாய்கூட கொப்பளிக்காதீங்க.

பாத்ரூமுக்குள்ள மட்டும் கொஞ்சமா வந்து டைல்ஸோட நின்னுடுச்சுன்னா நீங்களே பாத்துக்கலாம். ரூமுக்குள்ள வந்துட்டா, சுவரு மரம் எல்லாம் உறிஞ்சிட்டா, ஆளக் கூப்பிடுங்க. எங்க தொழில்ல வீட்டுக்குள்ள வர்ற தண்ணிய மூணு வகையா பிரிப்போம், குழாய் உடைஞ்சு வர்ற நல்ல தண்ணி முதல் வகை, வாஷிங் மெஷின் தண்ணி ரெண்டாவது, சாக்கடை மூணாவது. துணிமணி தவிர, மூணாவது வகை பட்டு ஊறினது எதையும் வச்சுக்க மாட்டோம், மெத்தை, தலையணை, கார்ப்பெட், சோபா ஃபோம் எல்லாம் வெளியதான். ஸ்டீல், கண்ணாடி, டைல்ஸ் தப்பிச்சுடும், துணிய வெந்நீர்ல தனியா துவைச்சா போதும். வர்ற ஆளு நல்ல ஆளான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சுவருல ஈரம் அளக்குற மீட்டர் வச்சிருக்காரான்னு பாருங்க, எதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்றாருன்னு கேளுங்க. வந்ததும் வராததுமா வாசனை ஸ்ப்ரே அடிச்சா அப்படியே திருப்பி அனுப்பிடுங்க. அழுக்க எடுத்ததுக்கப்புறம் காய வைக்கிறதும் அவசரம்தான், 24ல இருந்து 48 மணி நேரத்துல பூஞ்சை ஆரம்பிச்சுடும்.

அப்புறம் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "வீட்ல சாக்கடை ஏறுச்சு"ன்னு சொல்லுங்க, அவரா கேக்க மாட்டாரு. நோரோ வைரஸ் ரெண்டு நாளுக்குள்ள தெரிஞ்சுடும், லெப்டோ வெளிய வர ஒரு மாசம் வரைக்கும்கூட ஆகலாம், ஹெபடைட்டிஸ் ஏ 15ல இருந்து 50 நாள் வரைக்கும். கண்ணு மஞ்சளாகுறப்போ தரையக் கழுவினது உங்களுக்கே மறந்து போயிருக்கும்.

அந்த வீட்ல குழந்தைய டாக்டர்கிட்ட அனுப்பிட்டு, மெத்தைய வெளிய கொண்டு போனோம். வீட்டுக்காரர் பின்னாடியே வந்தாரு, "சார் நாலு நாள் நல்ல வெயில்ல போட்டா?"ன்னாரு. நான் பதில் சொல்லாம கத்திய எடுத்து மெத்தைய குறுக்க நெடுக்க கிழிச்சேன். பதறிட்டாரு. நீங்களும் அப்படித்தான் கிழிச்சுப் போடணும், இல்லன்னா குப்பையில நல்ல மெத்தை கெடக்கேன்னு யாராவது வீட்டுக்கு தூக்கிட்டுப் போயிடுவாங்க.