பள்ளிக்கு ஒரு பை, சபைக்கு ஒரு பை

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மற்ற ஊர்க் கிறிஸ்தவர்கள் ஞாயிறு காலை ஆலயத்துக்குப் புறப்படும் நேரத்தில், பாடாங் செராய் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பிள்ளைகளோடு வெயிலில் நின்று தேசிய கீதமான ‘நெகாராகூ’ பாடிக்கொண்டிருப்பேன். வாரத்தின் முதல் நாள் என்பதால் அன்றைக்குத்தான் பள்ளியில் சபைகூடல். என்னுடைய இன்னொரு சபை கூடுவது அன்று மாலை ஆறு மணிக்கு.

ஆசிரியர் வேலையில் 21 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் 6 ஆண்டுகள் பகுதிநேரமாகப் படித்து இறையியலில் முதுகலை முடித்தேன். அது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து இளம் ஆசிரியர்களின் போன் நிற்பதில்லை. கூலிமிலிருந்து, கோல கெட்டிலிலிருந்து, ஒருமுறை ஜொகூரிலிருந்தும். “டீச்சர், ஊழியப் படிப்பையும் வேலையையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா?” எல்லாருக்கும் கவலை நேரத்தைப் பற்றித்தான். நேரத்தை எப்படியாவது பிடித்துவிடலாம். இந்த இரண்டையும் மனசுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், வகுப்பறையில் சேர்க்காதீர்கள் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னால் பலருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது. போனிலேயே தெரியும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். 1996-ல் திறந்த கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு ஷிப்ட் பஸ் ஏறிப்போகும் தகப்பன்மார்தான் இப்போது அதிகம். ஆனால் தோட்டத்துப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருக்கோடி வரைக்கும் தெரியும். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் நான் கீரை வாங்கினால், இடது பக்கத்திலிருந்து ஒருவர் “டீச்சர்” என்பார், வலது பக்கத்திலிருந்து ஒருவர் “சிஸ்டர்” என்பார். இரண்டு பேருக்கும் நான் ஒரே ஆள். பெரிய பட்டணத்தில் படிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது.

சரி, முதலில் காகித வேலை. 1979-ல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி சிரம்பானில் இருக்கிறது, பினாங்கில் பாப்டிஸ்ட் செமினரி இருக்கிறது, பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய வேதாகமக் கல்லூரி இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும் “உங்கள் பட்டத்தை அங்கீகரிப்பது யார்?” என்று கேளுங்கள். இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவதற்கென்று ஆசிய அளவில் சங்கங்கள் உண்டு. எம்.க்யூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று பொருளில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, “அங்கீகாரம் பெற்றது” என்று ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் இருந்த ஒற்றை வரியை நம்பிச் சேர்ந்தார். நாலு வருடம் கழித்துச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கல்வி இலாகாவுக்குப் போனபோதுதான், பதவி உயர்வுக்கு அது கணக்கில் வராது என்று தெரிந்தது. படிப்பு வீண் என்று அவரே சொல்லமாட்டார். ஆனால் முன்பே தெரிந்திருந்தால் கடன் வாங்கியிருக்கமாட்டார்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். இறையியல் பட்டம் இருக்கிறதே, தமிழ்ப்பள்ளியில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கும் ஊழியர்கள் உண்டு. முடியாது. ஆசிரியர் கல்விக் கழகத்தின் இளங்கலையோ, பட்டத்துக்குப் பிந்திய கல்வி டிப்ளோமாவோ போன்ற ஆசிரியர் தகுதி வேண்டும். தனியார் பள்ளி என்றாலும் ஆசிரியர் பதிவோ கற்பிக்கும் பெர்மிட்டோ இல்லாமல் வகுப்புக்குள் போகக் கூடாது.

அரசாங்க ஆசிரியர்கள் இன்னொன்றையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் 1993-ல் 5-ஆம் விதி வெளிவேலையைப் பற்றியது. ஊதியம் வாங்கிக்கொண்டு வெளியே ஒரு வேலை செய்வதென்றால் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சபையில் மாதாமாதம் ‘பெட்ரோல் காசு’ என்று கவரில் போட்டுத் தருவார்கள். அன்பாகத்தான் தருகிறார்கள், ஆனால் அது ஊதியமா அன்பளிப்பா என்று பிறகு யாராவது கேட்டால் கவர் பதில் சொல்லாது. நான் கவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படிப்பதற்கும் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

வேலை பார்ப்பவர்களுக்காக வகுப்புகளைப் பெரும்பாலும் தொகுத்து வைப்பார்கள். ஒரு வாரம் முழுநாள் வகுப்பு, அதற்கு முன் படித்து முடிக்க நாலைந்து புத்தகம், பின்னால் ஒரு நீண்ட கட்டுரை. எம்.டிவ். எனும் இறையியல் முதுகலை பொதுவாக முழுநேரத்தில் 3 ஆண்டு. பகுதிநேரத்தில் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் பள்ளி விடுமுறையோடு ஒத்துவருவது அதிர்ஷ்டம். ஒத்துவராதபோது சிறப்பு ஓய்வு விடுப்பை எடுத்தேன், அதுவும் தீர்ந்தபோது அந்தப் பாடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-ல் போய்விட்டதே, இனி ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களை ஆண்டிறுதி மதிப்பீட்டுத் தாள் திருத்தும் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைக்கிறேன். ஒரு வருடம் எபிரேயக் கட்டுரையும் நாலாம் ஆண்டுக் கணிதத் தாளும் ஒரே மேசையில் கிடந்தன. அந்த ஆறு வருடத்தில் என் வீட்டுக்காரர் அசாம் பெடாஸ் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். என்னுடையதைவிட நன்றாகவே வைக்கிறார்.

களப்பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒரு சபையில் மேற்பார்வையோடு ஊழியம் செய்து பழக வேண்டும், ஞாயிறு காலை ஆராதனையில் இருக்க வேண்டும். எனக்கு ஞாயிறு காலை ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழி. கெடாவில் ஞாயிறு வேலைநாள் என்பதைத் தெற்கே இருந்த மேற்பார்வையாளருக்கு மூன்று முறை விளக்கினேன். கடைசியில் மாலை ஆராதனையும் சனிக்கிழமை வீட்டுச் சந்திப்பும் என்று மாற்றித் தந்தார்கள். இதை விண்ணப்பிக்கும்போதே பேசியிருக்க வேண்டும். நான் பேசியது இரண்டாம் ஆண்டில்.

படிப்பில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது கிரேக்கம். 38 வயதில் புது எழுத்து. ஆங்கில ‘வி’ போலத் தெரிவது அங்கே ‘ந’ ஓசை. ‘பி’ போலத் தெரிவது ‘ர’. ‘என்’ போலத் தெரிவது ‘ஏ’. கண் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். அந்த வாரங்களில் குறைநீக்கல் வகுப்பில் ஒரு பையன் ‘ந’, ‘ன’, ‘ண’ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் “கவனமில்லை” என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நான், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றையும் மூன்று நிறத்தில் எழுதிப் பார்த்தோம். எனக்கும் அதே வழிதான் கிரேக்கத்தில் உதவியது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். 1715-ல் அவர் தமிழில் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டைப் பற்றி ஆலயங்களில் பேசுவார்கள். மணலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆசிரியராக எனக்கு மணல்தான் பிடித்திருக்கிறது.

இனி அந்த அட்டைக் கதை.

படிக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், டிசம்பருக்கு முன்னால். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அழைப்பு அட்டை அடித்திருந்தோம். நட்சத்திரம் வரைந்த சின்ன அட்டை. சபைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று ஒரு கட்டு அட்டையை நான் எடுத்துவந்தேன். திருத்த வேண்டிய நோட்டுகளும் அதே பிரம்புக் கூடையில்தான். எப்படி நுழைந்ததோ, ஓர் அட்டை மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனின் நோட்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை அவன் அப்பா வந்தார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், தொழிற்சாலைச் சட்டை, கண் சிவந்திருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். சத்தம் போடவில்லை. அட்டையை மேசை மேல் வைத்து ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார்.

“டீச்சர், இது எங்க பையன் நோட்டுல இருந்துச்சு.”

தவறுதலாக வந்துவிட்டது என்றேன். உண்மையும் அதுதான். அவர் தலையாட்டினார். “நீங்க சொன்னா நம்புறேன் டீச்சர். ஆனா நீங்க அந்தப் படிப்பு படிக்கிறீங்கன்னு ஊருக்கே தெரியும். மத்தவங்க நம்புவாங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. நானே தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடமும் சொன்னேன். அன்று மாலை இரண்டு பை வாங்கினேன். நீலப் பை பள்ளிக்கு, சாக்குத் துணிப் பை சபைக்கு. இன்று வரைக்கும் ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குப் போகாது. வேதாகமமும் செமினரிப் புத்தகமும் ஆசிரியர் அறை மேசையில் இருக்காது. மாணவர்களின் பெற்றோர் இருக்கும் வாட்சாப் குழுவில் வசனம் போடமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 12(3): தன் மதம் அல்லாத ஒரு மதத்தின் போதனையைப் பெறவோ, வழிபாட்டில் பங்குகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. 12(4): 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, பிள்ளை தன் மதம் அல்லாத ஒன்றின் போதனையில் உட்கார வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளியில் முஸ்லிம் மாணவர்களும் சக ஆசிரியர்களும் இருந்தால் 11(4)-ஐயும் படியுங்கள். முஸ்லிம்களிடையே வேறு மதக் கோட்பாட்டைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த அது இடம் தருகிறது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் நடந்துகொள்வேன் என்று இப்போது சொல்ல முடியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது எல்லாமே உண்மை. அந்த நம்பிக்கையைப் பெற்றோர் எனக்குத் தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுக்கத்தான் கடனாகத் தந்திருக்கிறார்கள்.

அப்படியானால் படித்த படிப்பு பள்ளியில் உதவவே இல்லையா என்று கேட்பார்கள். உதவியது. ஒரு பிள்ளைக்குப் பாட்டி இறந்துபோனார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி அவளை வளர்த்த பாட்டி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தவள், ஓய்வு நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். “டீச்சர், பாட்டி இப்போ எங்க இருக்காங்க?” அந்த மாதம்தான் ஆறுதல் ஊழியம் என்ற பாடத்தை முடித்திருந்தேன். என் நாக்கு நுனியில் என் சபையின் பதில் இருந்தது. பாடத்தில் முதலில் சொல்லித்தந்ததோ, துக்கத்தில் இருப்பவரைப் பேசவிடு என்பது. “அம்மா என்ன சொன்னாங்க?” என்றேன். “சாமிகிட்ட போயிட்டாங்கன்னு சொன்னாங்க. ஆனா அம்மா ராத்திரி அழறாங்க.” கேட்கவந்தது அதைத்தான். அவள் அம்மாவைப் பற்றியே அன்று பேசிக்கொண்டிருந்தோம், பாதி நாசி லெமாக்கை நான் சாப்பிட்டேன், பாதியை அவள் சாப்பிட்டாள். மதியம் அம்மாவுக்கும் ஒரு போன் போட்டேன்.

சபைப் பக்கத்திலும் ஒரு வேலி வேண்டியிருக்கிறது. “டீச்சரும் நீங்கதான், ஊழியமும் நீங்கதான், ஹாலில் சாயங்காலம் கணக்கு டியூஷன் வைங்களேன், பக்கத்துப் பிள்ளைகளும் வரும்” என்பார்கள். நல்ல எண்ணம்தான். கல்விச் சட்டம், மதத்தை மட்டுமே கற்பிக்கும் இடத்தைக் கல்வி நிலையமாகக் கருதுவதில்லை, அதனால் ஞாயிறு பள்ளிக்குச் சிக்கலில்லை. கணக்கும் மலாயும் சொல்லித்தர ஆரம்பித்தால் பதிவு பற்றிக் கேள்வி வரும். அதைவிட, கணக்குக்கு வந்த பிள்ளையை அப்படியே ஜெபத்துக்கு உட்காரவைப்பதா என்ற கேள்வி அன்றைக்கே வரும். எங்கள் சபை இதை இரண்டு கூட்டத்தில் விவாதித்தது, இன்னும் முடிவாகவில்லை. ஜெபம் வேண்டாம், பதிவு செய்துவிட்டு வெறும் கணக்கு என்றால் நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூத்தவர்கள் இரண்டு பேருக்கு என் மேல் வருத்தம்.

கோல கெட்டில் பக்கத்திலிருந்து போன் செய்த அந்த இளம் டீச்சர் நான் சொன்ன மாதிரியே செய்கிறார். அங்கீகாரம் பற்றிக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டார். தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து மூன்று வாரமாகிறது, பதில் இன்னும் வரவில்லை. பதிவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. முன்பணத்தைக் கட்டிவிடலாமா என்று நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தார். கட்டாதே, நாளைக்கு ஆபீஸில் போய் மறுபடியும் கேள் என்று பதில் போட்டேன்.