கடல், சுற்றுச்சூழல் படிப்புகளுக்கு உதவித்தொகை: பணம் எங்கே நின்றுபோகிறது?

கடல்சார் உயிரியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் பிள்ளைக்கு, கடல் படிப்புக்கென்றே தனியாக ஓர் உதவித்தொகை வரும் என்று காத்திருக்க வேண்டாம். கிடைக்கக்கூடிய பணம் பெரும்பாலும் எல்லாப் படிப்புக்கும் பொதுவான திட்டங்களில்தான் இருக்கிறது. தகுதி இருந்தும் அது கைக்கு வராமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் மதிப்பெண்ணோ வறுமையோ அல்ல. படிப்பின் பெயர், ஒரு சான்றிதழில் இருக்கும் தொகை, வங்கிக் கணக்கு, கல்லூரி அலுவலகத்தில் அழுத்தப்படாத ஒரு பொத்தான். தமிழ்நாட்டு மாணவர்கள் இந்த நான்கிலும் எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

யூடியூப்பிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் "டாப் டென் ஸ்காலர்ஷிப்" பட்டியல்களை முதலில் தள்ளி வையுங்கள். அறிவியல் மாணவர்களுக்கென்று இருந்து 2022-லேயே நின்றுபோன கே.வி.பி.ஒய். தேர்வும், அதே ஆண்டு நிறுத்தப்பட்ட மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் இன்னும் அவற்றில் இருக்கின்றன. அவற்றைத் தேடி அலையும் நேரத்தில் உண்மையான திட்டத்தின் கடைசித் தேதி போய்விடும்.

படிப்பின் பெயர்

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் குறிவைப்பது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு ரூ.80,000. அதில் 60,000 பணமாக வரும், 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. அந்தந்தக் கல்வி வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அதில் 18 பாடங்களுக்கு மட்டுமே இடம் என்பது. கடல் அறிவியல் உண்டு, வளிமண்டல அறிவியல் உண்டு, விலங்கியல், தாவரவியல், புவியியற்பியல் எல்லாம் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் 1 சதவீதத்தில் வந்த பிள்ளை பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்துவிட்டால், அந்த 80,000 அங்கேயே முடிந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. சேர்க்கை நேரத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்வதில்லை.

"மரைன் பயாலஜி" என்ற பெயரும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. விலங்கியல் பட்டம், அதில் கடல்சார் உயிரியல் சிறப்புப் பாடம் என்று இருந்தால் சிக்கல் குறைவு. எனவே சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகம் எந்தப் பெயரை அச்சிடும்? கல்லூரியின் விளம்பரத்தில் இருக்கும் பெயரை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை.

மீன்வள அறிவியல், அதாவது பி.எஃப்.எஸ்சி., தொழிற்கல்வி. அதற்கு இன்ஸ்பயர் கிடையாது. ஆனால் அங்கே வேறு வாசல்கள் உண்டு. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்வோருக்கு உரியது, சாதாரண பி.எஸ்சி.க்கு அதைக் கேட்டுப் பயனில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமை 2021 சட்டத்தின்படி மீன்வளப் படிப்புக்கும் பொருந்தும். அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இங்கே கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் பல ஊர்களில் இருப்பது திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், மதிய உணவும் உண்டு. ஆகவே வீட்டில் அதை அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். 7.5 சதவீதத்துக்கு அது அரசுப் பள்ளி ஆகாது. ஆனால் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில், உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. புதுமைப் பெண்ணில் இது 2024 டிசம்பர் இறுதியில்தான் சேர்ந்தது. அதற்கு முன் "உனக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவிகள், இன்னும் இளநிலை படித்துக்கொண்டிருந்தால் மறுபடி கேட்க வேண்டும். பள்ளி மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் பதிவில் பயிற்றுமொழி தவறாக இருந்தால் கல்லூரியால் அதைத் திருத்த முடியாது. படித்த பள்ளித் தலைமை ஆசிரியரிடம்தான் போக வேண்டும்.

வெளிமாநில மீன்வளக் கல்லூரியில் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் தேசியத் திறன் உதவித்தொகை உண்டு. அதே ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுக் கல்லூரியையே தேர்ந்தெடுத்தால் நம் மாணவருக்கு அது இல்லை.

ஒன்றை வாங்கினால் இன்னொன்று போகும்

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, என்.எஸ்.பி. எனப்படும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பி.எம்.-யு.எஸ்.பி. என்ற பெயரில் இருப்பது, இளநிலையில் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுநிலையில் ரூ.20,000 தருகிறது. பிளஸ் டூவில் 80-ஆவது பெர்சன்டைலுக்கு மேல், அதாவது தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலை முதலாண்டில் விண்ணப்பிக்காதவருக்கு முதுநிலைத் தொகையும் கிடையாது, ஏனென்றால் அது தொடர்ச்சியாக வருவது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். களப்பணிக்குப் போன நாட்கள் வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பருவ முடிவிலேயே பாருங்கள்.

இந்தத் திட்டத்தின் விதி, மாநில உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவரைச் சேர்ப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அதேபோல் வேறொன்றுடன் சேராது. ஆகவே கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்.சி. மாணவர் பி.எஸ்சி. படிக்கிறார் என்றால் போஸ்ட் மெட்ரிக்கில் பராமரிப்புத் தொகை வீட்டிலிருந்து வருபவருக்கு ஆண்டுக்கு ரூ.3,000, விடுதியில் இருப்பவருக்கு ரூ.6,000. கூடவே கட்டாயக் கட்டணம் முழுவதும். கட்டணம் மிகக் குறைவாக இருக்கும் அரசுக் கல்லூரி என்றால், தகுதி இருக்கும் பட்சத்தில் 12,000 லாபம். சுயநிதிக் கல்லூரி என்றால் போஸ்ட் மெட்ரிக்தான் லாபம். இரண்டுக்கும் போட்டு வைப்போம், வருவது வரட்டும் என்று நினைத்தால் இரண்டாவது தளம் ஆதாரை வைத்துப் பிடித்துவிடும். சில நேரம் இரண்டுமே நின்றுவிடும்.

போஸ்ட் மெட்ரிக்கில் இன்னும் மூன்று எச்சரிக்கைகள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. "ஸ்காலர்ஷிப் வந்துவிடும், மேனேஜ்மென்ட் சீட்டில் சேருங்கள்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. கடல்சார் உயிரியல் சேர்ந்தால், ஒரே நிலையில் இரண்டாவது படிப்பு என்பதால் கிடையாது. மூன்றாவது, மாநிலப் பங்கு 40 சதவீதம், மத்தியப் பங்கு 60 சதவீதம் என்று பணம் மாணவர் கணக்குக்கே பிரிந்து வரும், அதில் கல்லூரிக் கட்டணமும் அடக்கம். வந்த தொகையை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் தேர்வு நேரத்தில் கல்லூரி நெருக்கும். பணம் வரும் வரை அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதை யு.ஜி.சி. 2018-லேயே தடை செய்திருக்கிறது. அப்படி நடந்தால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்கு மசியாத அலுவலகம் கையெழுத்திட்ட மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வருமானச் சான்றிதழ்

எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைகளுக்கு வரம்பு ஆண்டுக்கு ரூ.2.5 லட்சம். இ-சேவை மையத்தில் "அப்பா மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறார்?" என்று கேட்பார்கள். மீன் நன்றாகப்பட்ட மாதத்தை நினைத்து 21,000 என்று சொன்னால், பன்னிரண்டால் பெருக்கி 2,52,000 என்று பதிவாகும். இரண்டாயிரம் ரூபாயில் ஓர் ஆண்டு உதவித்தொகை போய்விடும்.

விசைப்படகுத் தொழிலாளிக்கு ஆண்டில் பன்னிரண்டு மாத வருமானம் கிடையாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. புயல் எச்சரிக்கை நாட்கள் தனி. உண்மையான ஆண்டு வருமானத்தை நீங்களே கணக்கிட்டு, தடைக்காலத்தைக் கழித்து, ஒரே தொகையாகச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போதும் அதே தொகையைச் சொல்லுங்கள். இரண்டு தொகை சொன்னால் கோப்பு திரும்பும். பிரிண்ட் எடுக்கும் முன் மொத்தத் தொகையைப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். கையெழுத்தாகி வந்த பிறகு மறுபடி விண்ணப்பம், மறுபடி அலைச்சல்.

சான்றிதழ் வேலையைப் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு தொடங்குங்கள். கல்லூரி திறக்கும் நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் எல்லோருடைய விண்ணப்பமும் ஒன்றாகக் குவியும். மத்திய அரசுத் திட்டங்களில் ஓ.பி.சி. என்று கேட்டால் நம் எம்.பி.சி. சான்றிதழ் போதாது. கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும்.

வங்கிக் கணக்கு

"ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது" என்று வங்கியில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் அந்த வங்கி உங்கள் ஆதாருக்கு நேராக இருப்பது வேறு. அரசுப் பணம் இரண்டாவதைப் பார்த்துத்தான் வரும். ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான் அதில் இருக்க முடியும். கல்லூரி வாசலில் மேசை போட்டுப் புதுக் கணக்கு திறந்து கொடுக்கிறார்கள். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பழைய வங்கி மாறிவிடும், பணம் புதுக் கணக்குக்குப் போகும், வீட்டில் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு வரவில்லை என்பார்கள். மைஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் எந்த வங்கி, செயலில் உள்ளதா என்று காட்டும். விண்ணப்பிக்கும் முன்பும், பணம் விடுவிக்கும் காலத்திலும் பாருங்கள்.

பள்ளியில் தொடங்கிய கணக்கில் இரண்டு ஆண்டுகள் வரவு செலவே இல்லை என்றால் அது முடங்கியிருக்கலாம். கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பித்து, நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக என்றிருந்தாலும் சிக்கல். ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுவதுதான் எளிது.

கல்லூரி அலுவலகம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். "சப்மிட்" கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். என்.எஸ்.பி.யில் கல்லூரியின் நோடல் அலுவலர், அதாவது உதவித்தொகைக்குப் பொறுப்பானவர், சரிபார்க்க வேண்டும், பிறகு அடுத்த நிலையில் ஒருவர் சரிபார்க்க வேண்டும். கல்லூரி அளவில் தேதி முடிந்தால், விண்ணப்பம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது செத்ததுதான். நோடல் அலுவலரும் நிறுவனத் தலைவரும் பயோமெட்ரிக் பதிவு செய்திருக்க வேண்டும். பழையவர் மாறிப் புதியவர் பதிவு செய்யாமல் இருந்தால் அந்த நிறுவனத்தின் எல்லா விண்ணப்பங்களும் நிற்கும்.

கடல் படிப்பில் இது இரட்டிப்புச் சிக்கல். துறை கடற்கரையில் இருக்கும், நிர்வாகம் வேறு ஊரில் இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், நிர்வாகம் அண்ணாமலைநகரில். அழகப்பாவின் கடலியல் துறை தொண்டியில், நிர்வாகம் காரைக்குடியில். மனோன்மணியம் சுந்தரனாரின் கடல் அறிவியல் மையம் ராஜாக்கமங்கலத்தில், நிர்வாகம் திருநெல்வேலியில். இப்படிப்பட்ட வளாகத்தில் சேர்பவர் முதல் வாரத்திலேயே நோடல் அலுவலர் யார், எந்த ஊரில் உட்காருகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்துக்கும் உள்ள ஐஷி குறியீட்டைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு "யு" என்றும் கல்லூரிக்கு "சி" என்றும் தொடங்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் வேறு நிறுவனத்தின் லாகினில் யாரும் திறக்காமல் கிடக்கும்.

படிப்பின் பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் "ஏதோ விலங்கியல் போட்டுவிடு" என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்வார்கள். செய்யாதீர்கள். போனஃபைடு சான்றிதழோடு ஒத்துப்போகாமல் திரும்பும். விடுபட்ட படிப்பையும் கட்டணத்தையும் சேர்க்க வேண்டியது நிறுவனம். "டிஃபெக்டிவ்" என்று வந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம், "ரிஜெக்டட்" என்றால் அந்த ஆண்டு முடிந்தது. குறுஞ்செய்தியை நம்பாமல் வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். மாநில உதவித்தொகைக்கு, கல்லூரி மாணவர் விவரங்கள் பதிவாகும் யுமிஸ் தளத்தின் எண் வேண்டும். அதில் சாதி, விடுதி, படிப்பு ஆண்டு மூன்றும் சரியா என்று கல்லூரியில் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விடுதியில் தங்குபவரை வீட்டிலிருந்து வருபவர் என்று பதிந்தால் தொகை பாதியாகும்.

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

விரிவுரையாளர், ஆய்வாளர் தகுதிக்கான நெட் தேர்வில் "நெட் பாஸ்" என்பது பணம் அல்ல. ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால்தான் மாதம் ரூ.37,000. அதைவிட முக்கியம், எந்தத் தாள் என்பது. அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் பூமி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் என்று ஒரு தாள் இருக்கிறது. கடல் என்ற சொல்லைப் பார்த்து எம்.எஸ்சி. கடல்சார் உயிரியல் மாணவர்கள் அதில் போய் விழுகிறார்கள். பாறையியல், புவியியற்பியல், வானிலையியல் எல்லாம் அங்கே வரும். உயிரியல் பின்னணி உள்ளவருக்கு லைஃப் சயின்ஸஸ், சுற்றுச்சூழல் மாணவருக்கு யு.ஜி.சி. நெட்டின் சுற்றுச்சூழல் அறிவியல்.

பணம் வராவிட்டால்

"மேலே அனுப்பியாச்சு, வரும்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். அரசுப் பணம் அனுப்பப்படுவதைக் காட்டும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பணம் அனுப்பப்பட்டதா, திரும்பியதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் வங்கிச் சிக்கல். அனுப்பப்படவே இல்லை என்றால் முதல்வரின் முகவரி 1100-இல் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். அதற்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில் மாவட்ட நல அலுவலகத்துக்கு மனு போடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அதற்கு வழவழ பதில்தான் வரும். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, இப்போது யாரிடம் உள்ளது, நிராகரித்திருந்தால் எந்த விதிப்படி என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கெடு, மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது.