மழை விட்ட பிறகும் வேல்ஸில் ரக்பி ஆட்டம் ஏன் ரத்தாகிறது?

தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலம் முழுக்க இது நடக்கும். வெள்ளிக்கிழமையே மழை விட்டிருக்கும், சனிக்கிழமை காலை வெயில்கூட எட்டிப் பார்க்கும். ஆனாலும் உள்ளூர் ரக்பி கிளப் மதிய ஆட்டத்தை ரத்து செய்துவிடும். எல்லாரும் மழையைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் புல்லுக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் 10 மி.மீ. பெய்தாலே 70,000 லிட்டர் சேர்ந்துவிடும். இவ்வளவும் வடிய வேண்டிய வழி, மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள்தான். பெரிய இடைவெளிகளில் இருக்கும் நீரைப் புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொள்ளும். மிக நுண்ணிய இடைவெளிகளில் இருக்கும் நீரை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். அது தானாக வடியாது. களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது என்பதால், களிமண்ணில் இருப்பதில் பெரும்பகுதி இந்த நுண்ணிய இடைவெளிகளே. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் கலந்த படிவு இந்தப் பள்ளத்தாக்குகளில் பரவலாக உண்டு.

வடியாத நீரை வெயிலும் புல்லும்தான் எடுக்க வேண்டும். ஆனால் டிசம்பரில் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. மலை நிழல் விழும் பள்ளத்தாக்குகளில் நிலைமை இன்னும் மோசம். மண்ணின் வெப்பம் ஐந்தாறு டிகிரிக்குக் கீழே போனால் புல் வளர்வதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடும், தண்ணீரும் அதிகம் உறிஞ்சாது. அதனால் நவம்பரில் நனைந்த மண் மார்ச் வரை நனைந்தே கிடக்கும். அதன்மேல் விழும் சின்ன மழைக்குக்கூட இடம் இருக்காது.

அப்புறம்தான் ஆட்டம். ஸ்கிரம் போடும்போது 16 பேர் எட்டு எட்டாகக் கோத்துக்கொண்டு எதிரெதிராகத் தள்ளுகிறார்கள். ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 1,600 கிலோ எடை, பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் ஸ்டட் முனைகள் வழியாக, சில சதுர மீட்டருக்குள் இறங்குகிறது. அதுவும் நேராக மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டில் உழுதுகொண்டே அழுத்துகிறது. ஈர மண்ணின் கட்டிகள் அதில் குழைந்து, தட்டையான களிமண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பெரிய இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. சாணம் போட்டு மெழுகிய தரை போல மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும். கீழே பதித்த வடிகால் குழாயும், அதற்குக் குறுக்கே வெட்டி நிரப்பிய மணல் கீற்றுகளும் நல்ல நிலையில் இருந்தாலும், தண்ணீர் அவற்றைப் போய்ச் சேர்வதே இல்லை. சேற்றில் ஒரு ஆட்டத்தைப் பிடிவாதமாக ஆடி முடிப்பதை வீரம் என்கிறார்கள். என் கணக்கில், அந்த ஒரு சனிக்கிழமைக்கு அடுத்த பல சனிக்கிழமைகள் விலையாகப் போகின்றன.

இப்படி அடைபட்ட இடத்தில் ஒரு துண்டு மண்ணை வெட்டி எடுத்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும். புல்வேர் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கியிருக்காது. அதற்குக் கீழே பழுப்பு நிறம் போய்ச் சாம்பலும் கருப்புமாக ஒரு அடுக்கு. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வேறு வகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சிதைத்து உருவாக்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு அது.

கிளப்பில் சம்பளம் வாங்காமல் மைதானம் பார்த்துக்கொள்பவர்கள் தோட்டவேலைக்கான நீண்ட முட்கரண்டியால் மண்ணைக் குத்தி, லேசாகப் பின்னால் சாய்த்து எடுப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு குத்தும் அடைத்த அடுக்கைத் துளைத்து வடிகாலுக்கு வழி திறக்கிறது, காற்றையும் உள்ளே விடுகிறது. அவர்கள் வேலை வெளியே தெரிவதில்லை, ஆனால் ஒரு பருவத்தையே காப்பாற்றுகிறது. ஈர மண்ணில் ரோலர் ஓட்டினால் பலன் நேர் எதிர்.

பணம் இருக்கும் இடத்தில் வேறு வழிகள் உண்டு. கார்டிஃபில் 1999இல் திறந்த தேசிய மைதானத்துக்கு மூடித் திறக்கும் கூரை. பக்கத்திலுள்ள ஆர்ம்ஸ் பார்க் மைதானத்துக்கு 2013இல் செயற்கைப் புல்தரை.

ஆறே கரை புரண்டால் முட்கரண்டிக்கு வேலை இல்லை. 1960 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் வேல்ஸ் சேற்றில் ஆடி 0-3 எனத் தோற்றது; மறுநாள் டாஃப் ஆறு ஆர்ம்ஸ் பார்க்குக்குள் புகுந்தது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலில் அதே ஆறு பொன்டிப்ரீத் ஊரை மூழ்கடித்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், கனமழை இனி இன்னும் கனக்கவே செய்யும்.

சரி, ஆட்டத்தைத் தள்ளி வைத்தால் தீர்ந்ததா? இல்லை. தள்ளிப்போன ஆட்டங்கள் ஏப்ரலில் குவிந்து, சில நேரம் மே மாதத்துக்கும் நீளும். மண்ணை ஆழமாகத் துளைத்து, மணல் பரப்பி, புது விதை தூவ வேண்டிய காலம் அதுதான். அதில் போகும் ஒவ்வொரு வாரமும் வேர் இறங்குவதற்கான அவகாசத்தைக் குறைக்கிறது. செப்டம்பரில் அதே மண்ணில்தான் அடுத்த பருவத்தின் முதல் ஸ்கிரம்.