குழந்தைக்கு என்ன என்று கேட்கும் முன்பே

அமெரிக்காவில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். வலிப்பு வந்த மகனுக்காக, ஒரு தாய் என் அறையிலிருந்தே நரம்பியல் நிபுணரின் கிளினிக்குக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கேள்வியே "என்ன இன்சூரன்ஸ்?" என்பதுதான். "மெடிக்கெய்ட்" என்றார், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசுக் காப்பீடு அது. "இப்போது புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்றது எதிர்முனை. பையனுக்கு என்ன என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

ஏதோ ஒரு கிளினிக்கில் மட்டும் நடப்பதல்ல இது. சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 273 கிளினிக்குகளுக்கு, தாய்மார் பேசுவது போல ஆய்வாளர்கள் போன் செய்து பார்த்தார்கள். அதே கிளினிக், அதே நோய். ஒரு மாத இடைவெளியில் இன்சூரன்ஸை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். அரசுக் காப்பீடு என்றபோது 66 சதவீத அழைப்புகளுக்கு இடமில்லை. தனியார் காப்பீடு என்றபோது 11 சதவீதம்தான். இரண்டையும் ஏற்ற கிளினிக்குகளில்கூட அரசுக் காப்பீட்டுக் குழந்தை சராசரியாக 22 நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை நோய் என்று கேட்டும் இந்த நிலை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

காரணம் பெரும்பாலும் பணம். மெடிக்கெய்ட் மருத்துவருக்குத் தரும் கட்டணம் தனியார் காப்பீடு தருவதைவிடக் குறைவு. அப்புறம் காகித வேலை, தாமதமாக வரும் பணம்.

ஆனால் பெற்றோரே, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மெடிக்கெய்டில் உள்ள 21 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையைத் தந்தாக வேண்டும். மெடிக்கெய்டை ஒரு காப்பீட்டு நிறுவனம் வழியாகப் பெறுகிறீர்களா? அவர்கள் பட்டியலில் தகுந்த நிபுணர் இல்லையென்றால், வெளியில் ஏற்பாடு செய்து தருவது அவர்கள் பொறுப்பு. காப்பீட்டு அட்டையின் பின்பக்க எண்ணில் கூப்பிட்டு, "என் குழந்தைக்கு நிபுணர் கிடைக்கவில்லை, நீங்கள் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். போய்வர வண்டி இல்லையென்றால் அதையும் மெடிக்கெய்டிலேயே கேட்கலாம்.

இன்னொன்று: நிபுணரைப் பார்க்கச் சொல்லி ரெஃபரல் எழுதிய மருத்துவரையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அந்தப் பையனுக்காக நான் வேறொரு நிபுணரிடம் நேரடியாகப் பேசினேன். அடுத்த வாரமே பார்த்தார்கள்.