காலையில் தொடங்காத சர்வீஸ்: ஃபார்மேட் செய்வதற்கு முன் படிக்க வேண்டிய பதிவுகள்

திருப்பூர், பல்லடம், சோமனூர், காங்கேயம் வட்டாரத்து அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்துவரும் எனக்குக் காலை நேரத்தில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. கணினி ஆன் ஆகிவிட்டது, டெஸ்க்டாப் வந்துவிட்டது, மவுஸும் நகர்கிறது; ஆனால் பில் போடும் மென்பொருளைத் திறந்தால் சர்வருடன் இணைய முடியவில்லை என்கிறது, அல்லது உரிமம் கிடைக்கவில்லை என்கிறது, அல்லது பிரின்டர் பட்டியல் காலியாக இருக்கிறது. வாசலில் சரக்கு ஏற்றிய வண்டி பில்லுக்காகக் காத்து நிற்கும். “நேத்துச் சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு” என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். அந்த நெருக்கடியில் யாராவது ஒருவர் ஃபார்மேட் செய்துவிடலாம் என்று யோசனை சொல்வார். அடுத்த அரைமணி நேரத்தில் கோளாறுக்கான தடயமும் சில சமயம் கணக்கு முழுவதும் சேர்ந்தே அழிந்துவிடும். இந்த வகைக் கோளாறுகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் ஃபார்மேட் தேவைப்படும். காரணத்தைக் கணினியே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திரையில் ஜன்னல் எதுவும் திறக்காமல் பின்னணியில் ஓடும் நிரலைத்தான் விண்டோஸில் சர்வீஸ் என்கிறோம். கணக்கு மென்பொருளின் தரவுகளைக் காக்கும் எஸ்க்யூஎல் சர்வர், உரிமத்தைச் சரிபார்க்கும் நிரல், அச்சுக்கு அனுப்பும் பிரின்ட் ஸ்பூலர் ஆகியவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைவதற்கு முன்பே, சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்னும் மேலாளர் நிரல் இவற்றை ஒவ்வொன்றாகத் தொடங்கத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சர்வீஸும் ஏதோ ஒரு பயனர் கணக்கின் பெயரில் ஓடுகிறது; சில சர்வீஸ்கள் வேறு சர்வீஸ்களைச் சார்ந்திருக்கின்றன; தொடங்கச் சொன்ன சர்வீஸ் 30 வினாடிக்குள் மேலாளருக்குப் பதில் சொல்லவில்லை என்றால், அது தோற்றுவிட்டதாகப் பதிவு செய்யப்படுகிறது. கணக்கு, சார்பு, நேரம் ஆகிய இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வழி வந்ததாகக் கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் உள்ள சிஸ்டம் என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே சிவப்புக் குறிகள் நிறைய இருக்கும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டிகாம் என்ற பெயருடன் வரும் 10016 என்ற எண்ணுள்ள பதிவு நல்ல நிலையில் உள்ள கணினிகளிலும் வருவது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது. நாம் தேட வேண்டியது, கணினி கடைசியாக முழுமையாகத் தொடங்கிய நேரத்தைக் காட்டும் 6005 என்ற பதிவையும், அதற்குப் பின் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்ற பெயரில் விழுந்திருக்கும் முதல் பிழையையும்தான். 7000 என்றால் சர்வீஸ் தொடங்கவில்லை. 7009 என்றால் 30 வினாடிக் கெடு தாண்டிவிட்டது. 7031 அல்லது 7034 என்றால் தொடங்கி, பின் எதிர்பாராமல் விழுந்துவிட்டது. 7038 என்றால் அது ஓட வேண்டிய கணக்கின் பாஸ்வேர்டு பொருந்தவில்லை. 7001 என்ற எண் வந்தால் மட்டும், அந்த சர்வீஸை அதற்கு மேல் ஆராயாமல், அது சார்ந்திருக்கும் சர்வீஸின் பெயரை அந்தப் பதிவிலேயே பார்த்து அங்கே போக வேண்டும். ஆட்டோலூம் என்ற தானியங்கித் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதற்காகத் தறியைக் கழற்றிப் போடுபவர் எவரும் இல்லை, அறுந்த இழையைத்தான் தேடுகிறார்கள். பிழைச் செய்தியில் பெயர் வந்துவிட்ட ஒரே காரணத்துக்காக எஸ்க்யூஎல் சர்வரை நீக்கி மறுபடி நிறுவுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

காலைப் பதிவுகளில் 6008 என்ற எண் இருந்தால், முந்தைய முறை கணினி முறையாக நிறுத்தப்படாமல், மின்சாரம் போனதாலோ வேறு காரணத்தாலோ திடீரென அணைந்தது என்று பொருள். யூபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் போன அலுவலகங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். தரவு எழுதப்பட்டுக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் நின்றிருந்தால், காலையில் எஸ்க்யூஎல் சர்வர் பாதியில் நின்ற வேலைகளைச் சரிசெய்துகொண்டு வழக்கத்தைவிடத் தாமதமாகத் தயாராகக்கூடும். அப்போது பொறுமையிழந்து மறுபடி மறுபடி கணினியை அணைப்பது, சிறிய காயத்தைப் பெரிதாக்கும் செயல்.

இந்த வட்டாரத்தில் நான் அதிகம் காணும் காரணம் மெதுவாகிப்போன ஹார்டு டிஸ்க்தான். பல வருடம் உழைத்த ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் தொடங்கும்போது, அப்டேட், ஆன்டிவைரஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் அதையே இழுக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். வரிசையின் கடைசியில் நிற்கும் சர்வீஸுக்கு 30 வினாடி போதாது. பதிவில் 7009-உம் அடுத்து 7000-உம் விழும். பத்து நிமிடம் கழித்து சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து கையால் ஸ்டார்ட் கொடுத்தால் உடனே ஓடுவது இதற்கு நல்ல அடையாளம். அந்த சர்வீஸின் தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றினால், மற்றவை தொடங்கி ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து அது தொடங்கும். பெரும்பாலும் அதிலேயே காலைச் சிக்கல் தீர்ந்துவிடும். 30 வினாடிக் கெடுவை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பைப் டைம்அவுட் என்ற மதிப்பின் வழியாக 60 வினாடியாக்கவும் வழி உண்டு. ஆனால் இந்த இரண்டையும் செய்வதற்கு முன், அதே சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். 7 என்பது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் இருப்பதையும், 153 என்பது படிக்கவோ எழுதவோ முடியாமல் மறுபடி முயன்றதையும் குறிக்கும். அவை இருந்தால் கெடுவை நீட்டுவதில் பயனில்லை. அன்றே தரவை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட வேண்டும். விசைத்தறிக் கூடத்தையும் நூற்பாலையையும் ஒட்டிய அலுவலகங்களில் பஞ்சுத் தூசி ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் அடைத்துக்கொண்டு, பிராசசர் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. அங்கே மென்பொருளைத் தொடுவதற்கு முன் கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்வதே முதல் வேலை.

தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து நிறுவனங்கள் திறக்கும் வாரத்தில் வேறொரு கோளாறு வரிசையாக வரும். திருப்பூரில் தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வரை பல நிறுவனங்களில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். மின் இணைப்பு இருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரத்துக்கு அதிலிருந்தே மின்சாரம் கிடைக்கிறது. அது நின்றபின், சிஆர் 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரிதான் கடிகாரத்தைக் காக்கிறது. அது தேய்ந்திருந்தால், கணினி மறுபடி ஆன் ஆகும்போது தேதி பல வருடம் பின்னே போய் நிற்கும். உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வீஸ் பழைய தேதியைப் பார்த்துத் தொடங்க மறுக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வராதவை போலத் தோன்றும். இணையத்தின் வழியாக நேரம் பிறகு சரியானாலும், அதற்குள் தோற்றுவிட்ட சர்வீஸ் தானாக எழுவதில்லை. அதனால் திரையில் இப்போது தேதி சரியாகத் தெரிகிறது என்பதை நம்பிவிடாமல், பதிவுகளின் தேதி வரிசை இடையில் பின்னே தாவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பத்து ரூபாயில் கிடைக்கும் இந்த பேட்டரியை மாற்றாமல், உரிமம் கெட்டுவிட்டது என்று மென்பொருளையே புதிதாக வாங்கச் சொல்வது பெரிய அநியாயம்.

பாஸ்வேர்டு மாற்றியதால் நிற்கும் சர்வீஸும் உண்டு. கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார். உரிமையாளர் பாதுகாப்புக் கருதி கணினியின் பாஸ்வேர்டை மாற்றுகிறார். அது சரியான செயல்தான். ஆனால் நிறுவியவர் அந்த சர்வீஸை அந்தப் பயனர் கணக்கின் பெயரிலேயே ஓடும்படி விட்டிருந்தால், அடுத்த தடவை தொடங்கும்போது 1069 என்ற பிழையுடன் அது நிற்கும். சர்வீஸின் பிராப்பர்ட்டீஸில் லாக் ஆன் பகுதியில் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால் அன்றைக்குச் சரியாகும்; நிலையான தீர்வு, மனிதர்கள் பயன்படுத்தாத தனிக் கணக்கில் அதை ஓட்டுவது. எஸ்க்யூஎல் சர்வர் தானாக அமைத்துக்கொள்ளும் என்டி சர்வீஸ் வகைக் கணக்குகளின் பாஸ்வேர்டை விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. காரணமில்லாமல் அதை மாற்றக் கூடாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பலரும் விண்டோஸ் 11-க்கு மாறிவருகிறார்கள். அங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதை அறியாதவர்கள் நாள் முழுவதும் தேடினாலும் காரணம் சிக்காது. என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டி வகையில் சில டிஸ்க்குகள் தங்கள் செக்டர் அளவை, அதாவது தரவை எழுதும் சிறு துண்டின் அளவை, 4 கேபிக்கு மேல் அறிவிக்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரோ 512 பைட், 4 கேபி ஆகிய அளவுகளையே ஏற்கிறது. அதனால் விண்டோஸ் 10-இல் நன்றாக ஓடிய அதே சர்வர், அதே கணினியில் விண்டோஸ் 11 வந்தபின் தொடங்காமல் போகிறது. எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் நிற்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் தன் லாக் ஃபோல்டரில் எழுதும் எர்ரர்லாக் கோப்பைத் திறந்தால், செக்டர் எல்லையோடு பொருந்தாத லாக் எழுதுதல்கள் (மிஸ்அலைன்டு லாக் ஐஓ) 256 நிகழ்ந்ததாக ஒரு வரி இருக்கும். டிஸ்க்கை 4 கேபி என்றே காட்டும்படி செய்யும் ரிஜிஸ்ட்ரி மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. அதை அந்நிறுவனத்தின் பக்கத்திலிருந்து மட்டுமே எடுத்துச் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த எர்ரர்லாக் கோப்பு வேறு பலவற்றுக்கும் உதவும். சி டிரைவ் நிரம்பி, ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாக வேண்டிய டெம்ப்டிபி என்ற தற்காலிகத் தரவுக் கோப்புக்கு இடமில்லாமல் சர்வர் நின்றிருந்தால், அதுவும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

ரீஸ்டார்ட் என்று சொன்னதைக் காரணத்தோடுதான் சொன்னேன். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுத்தால் அது முழுவதுமாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்பகுதியும் சர்வீஸ்களும் அப்போதிருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடர்கின்றன. நின்றுபோன சர்வீஸ் நின்றபடியே திரும்பி வரும். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துட்டேனுங்க” என்று சொல்பவரிடம், ரீஸ்டார்ட் கொடுத்தாரா என்று தனியாகக் கேட்பது இதனால்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் நேரானது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் உள்ள கணினியில், தோற்ற சர்வீஸ்களை மட்டும் பட்டியலிடும் கட்டளையும், இந்தத் தொடக்கத்தின் பதிவுகளை மட்டும் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையும் போதும். ஒரு சர்வீஸுக்காக சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி காத்திருக்கும். தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம் ஏதோ ஒன்றுக்காக நின்றால், கழற்றப்பட்ட வெளி டிஸ்க் ஒன்றின் வரி, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. காணொளியைப் பார்த்துத் தெரியாத சர்வீஸ்களை டிஸேபிள் செய்தால், அவற்றைச் சார்ந்த வேறு சர்வீஸ்கள் அடுத்த தொடக்கத்தில் 7001 என்று விழும். ஆன்டிவைரஸை நிரந்தரமாக அணைத்துவிட்டுப் பில் ஓடுகிறது என்று நிம்மதி கொள்வது, பூட்டு சிக்குகிறதென்று கதவைத் திறந்து போடுவதற்கு ஒப்பாகாவிட்டாலும் ஆபத்தானதே. தேவையென்றால் தரவு ஃபோல்டரை மட்டும் விலக்கிக் கொடுக்கலாம். தொலைபேசியில் அழைத்து, தாங்கள் மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஈவென்ட் வியூவரைத் திறக்கவைத்து, சிவப்புக் குறிகளைக் காட்டி வைரஸ் என்று மிரட்டிப் பணமும் தொலைநிலை அணுகலும் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி யாரையும் தானாக அழைப்பதில்லை. உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

எந்தப் பழுதைத் தொடுவதற்கும் முன், எஸ்க்யூஎல் சர்வர் நின்றிருக்கும் அந்த நேரத்திலேயே அதன் தரவு உள்ள எம்டிஎஃப், மாற்றங்களின் பதிவு உள்ள எல்டிஎஃப் கோப்புகள் இரண்டையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். சர்வர் ஓடும்போது அவை பூட்டப்பட்டிருக்கும், நின்றிருக்கும்போது தடையில்லாமல் நகலாகும். டிஸ்க்கை மறையாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டு இயங்கும் கணினியாக இருந்தால், அதன் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதி செய்ய வேண்டும். வேலை முடிந்ததாகச் சொல்பவரிடம், எந்த எண்ணுள்ள பதிவைக் கண்டார், எதை மாற்றினார் என்பதை பில்லிலேயே எழுதித் தரக் கேளுங்கள். பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தும், இரவு முழுவதும் வழக்கம்போல் அணைத்து வைத்துக் காலையில் ஆன் செய்தும் பாருங்கள். அந்த இரண்டு தொடக்கத்துக்குப் பின்னும் சிஸ்டம் பதிவில் அதே சர்வீஸின் பெயரில் புதிய பிழை விழாதிருந்தால்தான் பழுது தீர்ந்தது என்று நான் கையெழுத்திடுவேன்.