சாவி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பேச வேண்டியவை

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், அரசின் வாரியம் கட்டிய குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. 24 வீடுகள். உயிர்ச்சேதம் இல்லை. விரிசல் பெரிதாவதைக் கவனித்தவர்கள் எல்லோரையும் வெளியே வரவழைத்துவிட்டார்கள். ஒரு கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அதே கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று முடிவெடுக்கும்போது, கடைசியாகத் தகவல் போய்ச் சேருவதும் அவர்களுக்குத்தான். இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் என் தொழில்.

நான் கட்டுமானத் திட்டங்களுக்கான தகவல் தொடர்பு ஆலோசகர். தனியார் பில்டர்களோடும் வேலை செய்கிறேன், மறுகட்டுமானம் நடக்கும் பகுதிகளிலும் வேலை செய்கிறேன். தகவல் தொடர்பு என்றதும் பலருக்கு ப்ரோஷரும் ஹோர்டிங்கும் ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்க விளம்பரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை விற்பனைக்கு உதவும், சரி. ஆனால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், எதை எழுத்தில் தர வேண்டும், கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்பதையெல்லாம் கடைக்கால் தோண்டும் முன்பே முடிவு செய்வது வேறு வேலை. பெரும்பாலான திட்டங்களில் அதற்கென்று ஆளே இருப்பதில்லை.

முதலில் வாரியக் குடியிருப்பு. 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அது கட்டிய பழைய பிளாக்குகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வேலை சென்னையில் பல இடங்களில் நடக்கிறது. கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். காலி செய்யச் சொல்வதற்கு முன் ஒரு கூட்டம் போடுவார்கள். எத்தனை மாடி, எத்தனை சதுர அடி, லிப்ட் எங்கே என்று வரைபடம் காட்டுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: லிஸ்டில் என் பெயர் இருக்கிறதா?

ஒதுக்கீட்டு ஆணை அப்பா பெயரில் இருக்கும். அவர் இறந்துபோயிருப்பார். இரண்டு மகன்கள் கல்யாணமாகி, நடுவில் ஒரு தட்டி வைத்து அதே வீட்டில் இருப்பார்கள். வீடு ஒன்றா, இரண்டா? இன்னொரு குடும்பம் பல வருஷங்களுக்கு முன்பு வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக் குடிவந்திருக்கும். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் அவர்கள் பெயரில், ஆணை மட்டும் வேறொருவர் பெயரில். இவர்கள் யாரும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க மாட்டார்கள். கேட்டால் தங்கள் பலவீனம் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், காலி செய்யும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உடனே, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். யாரும் தூண்டுவதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிமையானது. பொதுக்கூட்டத்துக்கு முன்பே, ஒரு மேஜை போட்டு, குடும்பம் குடும்பமாகத் தனியாகப் பேச வேண்டும். எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை, இல்லாததற்கு என்ன செய்யலாம், முடிவு எடுக்கும் அதிகாரி யார் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். பதில் பாதகமாக இருந்தாலும் அப்போதே தெரிந்தால், மேல்முறையீடு செய்யவோ வேறு ஏற்பாடு பார்க்கவோ அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

கூட்டம் எத்தனை மணிக்கு என்பதும் சின்ன விஷயமில்லை. வாரநாளில் காலை 11 மணிக்குப் போட்டால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் லோடு ஏற்றுபவர்களும் வர முடியாது. ராத்திரி ரொம்ப நேரமானால், விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுக்கும் பெண்கள் வர முடியாது. ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு, மாடிப்படி ஓரமாக, பிளாக் பிளாக்காகப் பேசினால் கூட்டமும் வரும், பேச்சும் வரும்.

அப்படி ஒரு பேச்சில் ஒரு பாட்டி கேட்டார்: "குலுக்கல்ல எனக்கு எட்டாவது மாடி விழுந்து, லிப்டும் நின்னுபோச்சுன்னா நான் என்னப்பா பண்றது?" ஜெனரேட்டர் உண்டு, பயப்பட வேண்டாம் என்றார் இன்ஜினியர். "அதுக்கு டீசல் யாரு ஊத்துவா?" என்று கேட்டார் பாட்டி.

எல்லா மாடி வீட்டுத் திட்டங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு, செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். தரையோடு வாழ்ந்த குடும்பங்களுக்கு இது புதுச் செலவு. வாரியக் குடியிருப்புகளில் நலச்சங்கம் அமைத்து, குடியிருப்போர் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் போடும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடிவந்து ரசீது கையில் வரும் மாதத்தில்தான் இது தெரியவந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். காலி செய்யச் சொல்லும் நாளிலேயே சொன்னால் அது ஒரு கணக்கு. பட்ஜெட் போட்டுப் பார்க்கலாம், பேரம்கூடப் பேசலாம்.

பேசியதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பேன். தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வரும், வீடு திரும்பக் கிடைக்கும் உத்தேச மாதம், மாடி ஒதுக்கீடு எப்படி நடக்கும், வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்ன ஏற்பாடு, ஆட்டோவும் தள்ளுவண்டியும் எங்கே நிற்கும், புகார் யாரிடம். அந்தக் காகிதம் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும். அடுத்த அதிகாரி மாறி வந்தாலும் அதை எடுத்து நீட்டலாம். ஃபிளெக்ஸ் பேனரை யாரும் எடுத்து நீட்ட முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மோசமான கட்டுமானத்தை நல்ல பேச்சு காப்பாற்றாது. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு தொட்டாலே உதிர்ந்த காட்சி மாநிலம் முழுவதும் பரவியது. அதற்குப் பிறகு ஐ.ஐ.டி. மெட்ராஸ் தர ஆய்வு செய்ய வேண்டிவந்தது. அங்கே தேவைப்பட்டது விளக்கம் இல்லை, சோதனை முடிவும் சரிசெய்யும் வேலையும்தான். அந்த முடிவுகளை மக்கள் படிக்கும் மொழியில் அவர்கள் முன்னால் வைப்பது மட்டும்தான் எங்களைப் போன்றவர்களின் பங்கு.

தனியார் திட்டங்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை அக்கம்பக்கத்தாரை மறப்பது. வாங்குபவருக்கு வாரம் ஒரு மெசேஜ் போகும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ராத்திரி கான்கிரீட் லாரி வரும்போதுதான் திட்டமே தெரியும். பைலிங் வேலை (அடித்தளத்துக்காக நிலத்தில் ஆழமாகத் தூண் இறக்குவது) தொடங்கிய பிறகு அவர் வீட்டுச் சுவரில் விரிசல் தெரிந்தால், அது பழசா புதுசா என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை தொடங்கும் முன்பே அவர் அனுமதியோடு அவர் வீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து, தேதி போட்டு, இரு தரப்பும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி இல்லாமல் போகும். செலவும் மிகக் குறைவு.

புறநகரில், கிராமத்தை ஒட்டி மனைப்பிரிவு போடும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு மனைப்பிரிவில் கம்பிவேலி போட்ட இரண்டாவது வாரம் ஊரே திரண்டு வந்து வேலையை நிறுத்திவிட்டது. பத்திரம் சரி, பட்டா சரி, வில்லங்கம் பார்த்தாகிவிட்டது, ஒப்புதலும் கையில் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் நடைபாதை வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. ஊர்ப் பெரியவர்களோடும் சர்வேயரோடும் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்து, வேலியைத் தள்ளிப் போட்டுப் பாதையைத் திறந்துவிட்ட பிறகுதான் வேலை மறுபடி நடந்தது. புல வரைபடத்தில் இருக்கும் பாதை உண்டு, இல்லாத பாதையும் உண்டு. ஏரிக்குப் போகும் வாய்க்கால், மாடு ஓட்டிப்போகும் வழி, திருவிழாவில் சாமி வரும் தெரு எல்லாம் பேசினால்தான் தெரியவரும். நிலம் வாங்கும் முன்பு ஊர் டீக்கடையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், பாதி விஷயம் கிடைத்துவிடும்.

இனி ப்ரோஷர். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வந்த பிறகும் பலர் ப்ரோஷரை வெறும் விளம்பரத்தாள் என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகவே அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணம் இருக்கிறதா என்று சட்ட ஆலோசகரையும் இன்ஜினியரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். "24 மணி நேரத் தண்ணீர்" என்று வரி இருந்தால், எங்கிருந்து என்று கேட்பேன். போர்வெல்லா, லாரியா, மெட்ரோ வாட்டர் இணைப்பா? நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருப்பதும், பழைய மகாபலிபுரம் சாலையில் உங்கள் கட்டடத்துக்குக் குழாய் வந்திருப்பதும் வேறு வேறு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது லாரிக்காகக் காத்திருந்தவர்கள் அந்த வரியை எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பூங்கா இன்னொன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டும்போது, சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறோம். அது பொதுச் சொத்து. அதையே "குடியிருப்போருக்கு மட்டுமான பூங்கா" என்று வண்ணப்படம் போட்டு விற்றால், பின்னால் தெருப்பிள்ளைகள் விளையாட வரும்போது குடியிருப்போருக்கும் அவர்களுக்கும் சண்டை வருகிறது. இரு தரப்பிலும் தப்பில்லை. படம் வரைந்தவர் மூட்டிய சண்டை அது.

தாமதம் ஆகாத கட்டடம் அரிது. தாமதத்தைக்கூட மன்னிப்பார்கள், மௌனத்தை மன்னிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். பில்டர் பேசாத மாதத்தில் வாங்கியவர்களின் வாட்ஸப் குழு பேசும்: பணம் வேறு திட்டத்துக்குப் போய்விட்டது, கம்பெனி கைமாறுகிறது என்று. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்கிறது. அதைக் கடமைக்குச் செய்யாமல், அதே தகவலைத் தமிழில் நாலு வரி எழுதி, இன்று எடுத்த படத்தோடு வாங்கியவர்களுக்கு நேரடியாக அனுப்பலாமே. வேலை நடக்காத மாதத்திலும் அனுப்ப வேண்டும். இந்த மாதம் நடக்கவில்லை, காரணம் இது, அடுத்த தகவல் இந்தத் தேதியில் என்று எழுதினால் கோபம் வரும், ஆனால் வதந்திக்கு வேலை இருக்காது.

பழைய அபார்ட்மென்டுகளை இடித்துக் கட்டுவதற்கும் இதே கவனம் தேவை. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எண்ணிக்கை கிடைத்துவிட்டது என்று மீதிப் பேரிடம் பேசாமல் விடுகிறார்கள். அந்த மீதியில் பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கவலை நிலத்தில் தங்களுக்குள்ள பிரிபடாத பங்கைப் பற்றியது இல்லை. இடையில் எங்கே போய் இருப்பது, டாக்டர் பக்கத்தில் கிடைப்பாரா என்பதுதான். அதற்கு வழி சொன்னால் பலர் சம்மதித்துவிடுவார்கள்.

சாவி கொடுத்த பிறகு பல பில்டர்கள் போனை எடுப்பதில்லை. உண்மையில் பேச்சு அதிகம் தேவைப்படும் காலம் அது. கட்டுமானக் குறை ஏதாவது ஐந்து ஆண்டுக்குள் தெரியவந்து சொன்னால், 30 நாளுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். பொதுப் பகுதிகளின் ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை எப்படி ஓட்டுவது, சம்ப் வால்வு எங்கே, லிப்ட் சர்வீஸ் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று சங்கத்தின் புதிய செயலாளருக்கு யாரும் காட்டுவதில்லை. அவர் பகலில் வேறு வேலைக்குப் போகும் மனிதர். இன்ஜினியரோடு அவரும் இரண்டு முறை கட்டடத்தைச் சுற்றி வந்து, அதை வீடியோவாகவும் பதிவு செய்து கொடுத்தால், மொட்டைமாடித் தொட்டி வழியும் ராத்திரிகளில் உதவும்.

வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனையாளர் வாயால் சொல்லும் எதையும், அன்று மாலையே "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள், சரிதானா?" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். ஆணையத்தின் தளத்தில் இருக்கும் வரைபடத்தையும் ஒப்படைப்புத் தேதியையும் ப்ரோஷரோடு ஒப்பிடுங்கள். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு, எவ்வளவு என்று கேளுங்கள். பொதுப் பகுதிகளின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கில் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது, நீங்களும் கொடுக்காதீர்கள்.